கிழக்கிலங்கையின் சந்தடியில்லாத கடலோர ஊர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருகோணமலைக்கு வடக்கே உப்புவெளியில் பிறந்து வளர்ந்தவள். சென்னையிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று வருடம் முழுக்க யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: "அமைதியான கடற்கரையா ஒரு ஊர் சொல்லுங்க." ஒருவருக்கு எழுதிய பதிலையே அடுத்தவருக்கும் எழுதுகிறேன். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். உப்புவெளி, நிலாவெளி, பாசிக்குடா, கல்குடா, மட்டக்களப்புக் கல்லடி, அறுகம்குடா ஆகியவைதான் பெரும்பாலும் இதில் வரும். தெற்குக் கரையைத் தேவையான இடத்தில் மட்டும் தொட்டிருக்கிறேன்.

எந்த மாதத்தில் வரலாம்?

மே முதல் செப்டம்பர் வரை. ஏப்ரல் நடுவிலிருந்தே கடல் அடங்கத் தொடங்கிவிடும். தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறைக்கு இது அப்படியே பொருந்தும்.

காரணத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். இலங்கைக்கு இரண்டு பருவக்காற்று. மே மாதம் தென்மேற்கிலிருந்து வருவது கொழும்பு, காலிப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு மலைநாட்டில் ஏறி இறங்கும். எங்கள் பக்கம் வந்து சேரும்போது அதில் ஈரம் இருக்காது, வெறும் சூடுதான். இந்தக் காற்றை நாங்கள் கச்சான் என்போம். தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோர அலையை அது அமுக்கிப் போட்டுவிடும். ஜூன் மாதத்துக் காலை ஆறு மணிக்கு நிலாவெளியில் நின்று பாருங்கள், கடல் குளம் மாதிரிக் கிடக்கும். மத்தியானம் வெயில் கொளுத்தும். அந்த நேரத்தில் ஊர்க்காரர் யாரும் மணலில் கால் வைக்க மாட்டார்கள்.

ஒக்டோபரில் இடியும் மழையும் ஆரம்பம். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்று நேரே எங்கள் கரையில் மோதும். வங்காள விரிகுடாப் புயல்களின் காலமும் அதுதான். ரொறன்ரோவில் இருக்கும் என் சித்தப்பா மகள் ஒரு டிசம்பரில், கிறிஸ்மஸ் விடுமுறையென்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆறு நாளில் ஐந்து நாள் அறைக்குள்ளேயே இருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கடல் மண் நிறத்தில் உறுமியது. பிள்ளைகள் சீட்டு விளையாடிவிட்டுத் திரும்பிப் போனார்கள். டிசம்பரில்தான் வர முடியும் என்றால் தெற்குக்குப் போங்கள். தங்காலை, மிரிஸ்ஸ, வெலிகம எல்லாம் டிசம்பர் முதல் மார்ச் வரை அருமையாக இருக்கும். அதே இடங்களுக்கு ஜூலையில் போனால் எங்கள் டிசம்பர் கதைதான்.

இத்தனை ஊர்களில் எனக்கு எது சரிவரும்?

யாரோடு வருகிறீர்கள், எதற்கு வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

உப்புவெளி திருகோணமலை நகரிலிருந்து ஐந்தாறு கிலோமீற்றர்தான். ஆட்டோவில் பத்து நிமிடத்தில் நகரச் சந்தைக்குப் போய்விடலாம். சின்ன விடுதிகளும் சாப்பாட்டுக்கடைகளும் நடக்கிற தூரத்தில் இருக்கும். முதல் தடவை வருகிறவர்களை இங்கேதான் தங்கச் சொல்வேன். என் ஊர் என்பதற்காகச் சொல்லவில்லை. கோயில், வைத்தியசாலை, ரயில், சந்தை, கடல் எல்லாம் பக்கத்தில் கிடைக்கிற இடம் கிழக்கில் வேறு அதிகம் இல்லை.

நிலாவெளி இன்னும் பத்துக் கிலோமீற்றர் வடக்கே. மணல் அகலம், ஆள் குறைவு. புறாத்தீவுக்குப் படகு இங்கிருந்துதான். அதற்கும் வடக்கே இறக்கக்கண்டிப் பாலத்தைத் தாண்டிக் குச்சவெளிப் பக்கம் போனால் ஒரு மணி நேரம் நடந்தாலும் எதிரே ஒரு நாயும் இரண்டு மீனவரும்தான் வருவார்கள். ஆனால் அங்கே இரவு எட்டு மணிக்குப் பசித்தால் கடை இருக்காது. அதை யோசித்துப் போங்கள்.

பாசிக்குடா குழந்தைகளோடும் வயதானவர்களோடும் வருகிறவர்களுக்கு. பிறை மாதிரி வளைந்த குடா. நெடுந்தூரம் உள்ளே நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. என் அம்மாவுக்கு நீந்தத் தெரியாது, அறுபது வயதுக்கு மேல் முதல் தடவையாகக் கழுத்தளவு கடலில் உட்கார்ந்திருந்தது அங்கேதான். இரண்டு மணி நேரம் எழும்ப மறுத்துவிட்டார். 1978 நவம்பர்ப் புயலும் பிறகு போரும் இந்தக் கரையைக் கிட்டத்தட்ட வெறுமையாக்கியிருந்தன. இப்போது இருக்கும் பெரிய ஹொட்டேல்கள் எல்லாம் 2009க்குப் பிறகு எழுந்தவை. சனி, ஞாயிறில் உள்ளூர் பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும், அமைதி வேண்டுமென்றால் வாரநாளில் போங்கள். பக்கத்திலேயே கல்குடாக் கரை இருக்கிறது. அங்கே அலை கொஞ்சம் கூட, சனம் மிகக் குறைவு.

மட்டக்களப்பை எல்லோரும் கடந்து போகிறார்கள், தங்குவதில்லை. எனக்கு அது மனவருத்தம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவில் கல்லடி. வாவிக்குள் பாடும் மீன் உண்டு என்பார்கள். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை, நிலவு நாளில் தோணிக்காரர் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு அதன் மறுமுனையில் காதை வைக்கச் சொல்வார். நான் கேட்டது ஈரமான கண்ணாடிக் கோப்பையின் விளிம்பில் விரலைத் தேய்த்தால் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம். எந்த உயிர் அந்தச் சத்தத்தை எழுப்புகிறது என்று ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

அறுகம்குடாவை ஊர்க்காரர் உல்லை என்றும் சொல்வார்கள். பொத்துவிலை ஒட்டிய இடம். அலைச்சறுக்கு விளையாட உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் இங்கே வருகிறார்கள். ஜூலை, ஓகஸ்டில் அங்கே அமைதியைத் தேடாதீர்கள். மே முதல் வாரத்திலோ செப்டம்பர் கடைசியிலோ போனால் சனம் குறைவு. தெற்கே பாணமை வழியாகச் சுமார் 30 கிலோமீற்றர் போனால் உகந்தை முருகன் கோயில், அதற்கடுத்துக் குமண வனம். கதிர்காமத்துக்குக் காட்டு வழியாக நடந்து போகும் அடியார்கள் உகந்தையில் தங்கித்தான் காட்டுக்குள் இறங்குவார்கள். அந்த நாட்களில் போனால் வழியில் கண்டவர்களுக்கெல்லாம் தண்ணீரும் சோறும் கொடுக்கிற ஆட்களைப் பார்க்கலாம்.

எப்படி வந்து சேர்வது?

கொழும்பு விமான நிலையத்தில் இறங்கினால் ரயில், பஸ், வாடகை வான் மூன்றும் உண்டு. கொழும்புக் கோட்டையிலிருந்து திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் ரயில் ஓடும். கல்லோயாச் சந்தியில் பாதை இரண்டாகப் பிரிகிறது. இரவு ரயிலில் ஏறிப் படுத்தால் விடியற்காலை கடற்காற்று முகத்தில் படும். ஆசன முற்பதிவு ஒரு மாதத்துக்கு முன்பே திறக்கும், விடுமுறைக் காலத்தில் சில நாளிலேயே முடிந்துவிடும். 2025 நவம்பர்க் கடைசியில் வந்த டித்வா புயல் நாட்டின் ரயில் பாதைகளைப் பல இடங்களில் உடைத்துப் போட்டது. அதனால் நேர அட்டவணையைப் பழைய பயணக் குறிப்புகளில் பார்க்காமல் ரயில் நிலையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வீதியால் வந்தால் கொழும்பிலிருந்து திருகோணமலை சுமார் 260 கிலோமீற்றர், ஆறு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் மாலையில் யானை வீதிக்கு வரும். வெளிச்சத்தோடு அந்த இடத்தைத் தாண்டிவிடுங்கள். யானையைக் கண்டு வாகனத்தை நிறுத்தி வாழைப்பழம் நீட்டுகிறவர்களைப் பார்த்து நீங்களும் நீட்ட வேண்டாம்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இன்னும் இரண்டு வழி இருக்கிறது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு விமானம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. கடல் நன்றாக இருந்தால் நாலு மணி நேரம் போதும், வாடைக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்கு பஸ் வரும். ஒரு முழுப் பகலை அதற்கு ஒதுக்குங்கள்.

விசா?

புறப்படுவதற்கு முன்பே இணையத்தில் பயண அனுமதி எடுத்துவிடுங்கள். கட்டணமும் விதியும் அண்மைய வருடங்களில் பல தடவை மாறியிருக்கின்றன. அரசின் சொந்தத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள், முகவரியின் கடைசியில் இலங்கை அரசுக்குரிய gov.lk என்ற எழுத்துகள் இருக்கிறதா என்று பாருங்கள். அதே தோற்றத்தில் கூடுதல் பணம் பறிக்கும் தளங்கள் நிறைய.

தமிழ் மட்டும் தெரிந்தால் போதுமா?

கிழக்குக் கரை முழுக்கத் தாராளமாகப் போதும். தமிழரும் தமிழ் பேசும் முஸ்லிம்களும்தான் இங்கே பெரும்பான்மை. சிங்கள ஊர்களும் நடுநடுவே உண்டு, அங்கே கொஞ்ச ஆங்கிலமும் ஒரு சிரிப்பும் வேலை செய்யும். சினிமாவாலும் தொலைக்காட்சியாலும் உங்கள் பேச்சு எங்களுக்கு நன்றாகப் பழகிவிட்டது. எங்கள் பேச்சுத்தான் உங்களுக்கு முதல் நாள் தடுக்கும். கச்சான் என்றால் காற்று மட்டுமல்ல, நிலக்கடலையும் கச்சான்தான். பாண் என்றால் பிரெட். தேத்தண்ணி கேட்டால் பால் இல்லாமல்தான் வரும், பால் வேண்டுமென்றால் பால் தேத்தண்ணி என்று கேளுங்கள். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் "இறக்கம்!" என்று குரல் கொடுங்கள். ஆறுதலா வாங்கோ என்று யாராவது சொன்னால் மெதுவாக வாருங்கள், அவசரமில்லை என்று அர்த்தம்.

அண்ணா, அக்கா, தம்பி, தங்கச்சி எல்லா இடத்திலும் செல்லும். மூதூர், கிண்ணியா, பொத்துவில் போன்ற முஸ்லிம் ஊர்களில் வயதில் மூத்த ஆணை "நானா" என்று கூப்பிட்டால் முகம் மலரும்.

சாப்பாடு எப்படி? சைவர்களுக்குக் கிடைக்குமா?

காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும், மத்தியானம் சோறும் கறியும், இரவு கொத்து ரொட்டி அல்லது பிட்டு. மீன் கறியை இங்கே ஒரு தடவை ருசித்தவர்கள் ஊருக்குப் போயும் அதைப் பற்றித்தான் கதைப்பார்கள். காலையில் வலையில் கிடந்தது மத்தியானம் சட்டிக்கு வந்துவிடும்.

சைவர்கள் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு போடுவது இங்கே வழக்கம். பார்த்தால் தெரியாது, தூளாகக் கலந்திருக்கும். சில மரக்கறிக் கறிகளிலும் போடுவார்கள். "மரக்கறி மட்டும்" என்று சொன்னால் போதாது, "மாசி போடாமல் தாங்கோ" என்று தனியாகச் சொல்ல வேண்டும். திருகோணமலை, மட்டக்களப்பு நகரங்களில் சைவக்கடை என்றே பலகை தொங்கும், அங்கே இந்தக் கவலை இல்லை.

மட்டக்களப்புப் பக்கம் போனால் எருமைத் தயிரை விட்டுவிடாதீர்கள். வீதியோரத்தில் மண்சட்டியோடு தொங்கும். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு இறுகியிருக்கும். மேலே கித்துள் பாணி (கித்துள் மரத்துப் பாகு) ஊற்றிச் சாப்பிடுவது வழக்கம்.

கடலில் குளிப்பது பாதுகாப்பானதா?

காலத்தில் வந்தால், சரியான இடத்தில் இறங்கினால், ஆம். இந்தப் பதிலை மட்டும் அவசரமாக வாசிக்க வேண்டாம். நான் சின்ன வயதிலிருந்து இந்தக் கரையில் இரண்டு சாவு வீடு பார்த்திருக்கிறேன், இரண்டுமே வெளியூரிலிருந்து குளிக்க வந்த இளம் பிள்ளைகள்.

அலை அடித்து மேலேறிய தண்ணீர் எங்காவது ஒரு வழியாகத் திரும்பக் கடலுக்குப் போக வேண்டும். அந்த வழிதான் இழுவை. பார்ப்பதற்கு அந்த இடம் மற்ற இடத்தைவிட அமைதியாக, அலை உடையாமல், கொஞ்சம் கலங்கலாக இருக்கும். தெரியாதவர்கள் அலை இல்லையென்று நினைத்து அதிலேயே இறங்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள், யாராலும் அதை வெல்ல முடியாது. மிதந்துகொண்டு, கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நகருங்கள். இழுவை அகலம் குறைந்தது, கொஞ்சத் தூரத்தில் விட்டுவிடும். பிறகு அலையோடு கரைக்கு வரலாம். முடியாவிட்டால் கையை உயர்த்தி ஆட்டுங்கள்.

எங்கே இறங்கலாம் என்பதை அங்கே வலை தைத்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். "ஐயா, இதில குளிக்கலாமா?" இந்த ஒரு கேள்வி போதும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். களப்பு (உப்பங்கழி) கடலில் சேரும் முகத்துவாரங்களில் ஒருபோதும் இறங்காதீர்கள். குடித்துவிட்டு இறங்காதீர்கள். சொறி (ஜெல்லி மீன்) பட்டு எரிந்தால் கடல் தண்ணீரால் கழுவுங்கள், தேய்க்க வேண்டாம், நல்ல தண்ணீரும் வேண்டாம். மூச்சு முட்டினாலோ வீங்கினாலோ 1990க்கு அடியுங்கள், அது நாடு முழுக்க ஓடும் இலவச அம்புலன்ஸ். பொலிசுக்கு 119.

புறாத்தீவு போகலாமா?

போகலாம், ஆனால் மரியாதையோடு. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான். ஒன்றல்ல, பெரியதும் சின்னதுமாக இரண்டு தீவு. மாடப்புறாக்கள் பாறை இடுக்கில் கூடு கட்டுவதால் அந்தப் பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் இதைச் சுட்டுப் பழகும் இடமாக வைத்திருந்தார்கள். 2003இல் தேசியப் பூங்காவானது.

முகமூடியைப் போட்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்த முதல் நிமிடம் மறக்காது. முழங்கால் ஆழத்திலேயே பவளப்பாறை தொடங்கும். கிளி நிற மீன்கள் பாறையைக் கொறிக்கும் சத்தம் காதில் கேட்கும். துடுப்பின் நுனி கறுப்பான சின்னச் சுறாக்கள் பக்கத்தில் போகும், அவை மனிதரைத் தொந்தரவு செய்வதில்லை.

அந்தப் பவளம் கல் இல்லை, உயிர். ஒரு கால் மிதித்தால் பல வருட வளர்ச்சி போய்விடும். கூட்டமான நாட்களில் நீந்தத் தெரியாதவர்கள் அதன் மேல் ஏறி நின்று இளைப்பாறுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். நீந்தத் தெரியாவிட்டால் மிதவை அங்கி கேட்டு வாங்குங்கள், அல்லது மணலில் இருந்து பாருங்கள். காலை முதல் படகில் போங்கள், பத்து மணிக்குப் பிறகு சந்தை மாதிரி ஆகிவிடும். நுழைவுச்சீட்டும் படகும் தனித்தனிக் காசு, வெளிநாட்டவருக்குச் சீட்டு விலை கூட. இன்னொரு குடும்பத்தோடு படகைப் பங்கிட்டால் செலவு குறையும்.

விடியற்காலையில் வலை இழுப்பதைப் பார்க்க முடியுமா? சேர்ந்து இழுக்கலாமா?

இதைக் கேட்கிறவர்களை எனக்கு உடனே பிடித்துவிடும். அது கரைவலை. என் மாமா ஒருவர் சம்மாட்டியிடம், அதாவது வலைச் சொந்தக்காரரிடம், கணக்கெழுதினவர். சின்ன வயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் போன இடம் அது.

இருட்டோடு ஒரு தோணி வலையை ஏற்றிக்கொண்டு போய்க் கடலில் அரைவட்டமாக வளைத்துவிட்டு வரும். கயிற்றின் இரண்டு முனையும் கரையில், நூறு இருநூறு கெஜ இடைவெளியில். ஒவ்வொரு முனையிலும் பத்துப் பதினைந்து பேர். இடுப்பில் கயிற்றைக் கொளுவிப் பின்னுக்கு நடப்பார்கள். கடைசி ஆள் மேலே வந்ததும் கயிற்றைவிட்டு ஓடித் தண்ணீர் ஓரத்தில் மறுபடி பிடிப்பார். ஒருவர் பாட்டெடுக்க மற்றவர்கள் ஏலேலோ சேர்ப்பார்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரம் இப்படியே. இரண்டு அணியும் மெல்ல மெல்ல நெருங்கி வரும். மடி, அதாவது மீன் சேரும் வலைப்பை, கரையை அண்டும்போது முதலில் தெரிவது மேலே வட்டமிடும் பறவைகள்தான். பிறகு தண்ணீருக்குள் வெள்ளி கொதிக்கும். சூடை, கீரி, நெத்தலி, இடையில் ஒரு பாரை. அந்த நேரத்தில் சத்தம் நின்றுவிடும். எல்லோரும் மடியைத்தான் பார்ப்பார்கள், ஏனென்றால் அன்றைய கூலி அதற்குள்தான் இருக்கிறது. சில நாள் நிறையும். சில நாள் இரண்டு கூடை சொறியும் பாசியும் மட்டும் வரும், ஒருவரும் ஒன்றும் பேசாமல் வலையை உதறுவார்கள்.

சேர்ந்து இழுக்கலாம். முதலில் கேளுங்கள். "அண்ணா, நாங்களும் பிடிக்கட்டா?" பெரும்பாலும் சிரித்துக்கொண்டு இடம் தருவார்கள். ஐந்து நிமிடம் படமெடுக்கப் பிடித்துவிட்டுக் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடாதீர்கள், பிடித்தால் மடி வரும்வரை நில்லுங்கள். உள்ளங்கை எரியும். முடிவில் ஒரு கைப்பிடி மீனைக் கறிக்கென்று நீட்டுவார்கள். வாங்குங்கள், அதற்குக் காசு நீட்டாதீர்கள். உங்கள் விடுதியில் கொடுத்தால் பொரித்துத் தருவார்கள். முகத்துக்கு நேரே தொலைபேசியை நீட்டிப் படமெடுப்பது, உயிர்மீனைப் பிடித்துக் காட்டச் சொல்வது, காயவைத்த வலையின் மேல் நடப்பது வேண்டாம். கடற்கரை உங்களுக்கு விடுமுறைக்கு வந்த இடம். அவர்களுக்கு அது வேலைத்தலம்.

பெண்கள் தனியாக வரலாமா? என்ன உடுத்துவது?

வரலாம், வருகிறார்கள். குடும்பமாக நடத்தும் விடுதியாகப் பாருங்கள். அங்கே ஒரு அம்மாவோ அக்காவோ இருப்பார். நீங்கள் வர நேரமானால் கேற்றில் நின்று பார்ப்பார். இருட்டின பிறகு வெறுங்கரையில் தனியாக நடப்பதைத் தவிருங்கள். ஆட்டோவை விடுதியில் சொல்லியே கூப்பிடுங்கள், ஏறும் முன் காசு பேசுங்கள். யாராவது பின்னால் வந்து தொந்தரவு செய்தால் பக்கத்துக் கடைக்குள் போய்ச் சத்தமாகத் தமிழில் சொல்லுங்கள். ஊர் சேர்ந்துவிடும். எனக்கு அது இரண்டு தடவை நடந்திருக்கிறது, இரண்டு தடவையும் தேத்தண்ணிக் கடைக்காரர்தான் வெளியே வந்தார்.

ஹொட்டேல்களுக்கு முன்னால் உள்ள கரையில் நீச்சலுடை யாருக்கும் புதிதில்லை. மீனவர் வாடிகளுக்கு (கரையோரக் குடிசைகளுக்கு)ப் பக்கத்திலும் ஊருக்குள்ளும் தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். உள்ளூர்ப் பெண்கள் உடுப்போடுதான் குளிப்பார்கள், நீங்களும் அப்படிக் குளித்தால் பக்கத்தில் வந்து கதைப்பார்கள்.

கோயில் பார்க்க நேரம் ஒதுக்க வேண்டுமா?

திருக்கோணேச்சரத்துக்குப் போகாமல் திருகோணமலையைவிட்டுப் போகாதீர்கள். சம்பந்தர் பதிகம் பாடிய தலம். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்து, 1624இல் அங்கே கோட்டை கட்டினார்கள். இன்றைக்கும் கோயிலுக்குப் போகும் வழி அந்தக் கோட்டைக்குள்ளால்தான். புள்ளிமான்கள் வீதியில் படுத்திருக்கும். மாலைப் பூசைக்குப் போங்கள், குன்றின் விளிம்பில் நின்றால் கீழே கடல் கரும்பச்சையாக ஆழ்ந்து கிடக்கும். திருகோணமலைக் கடல் கரைக்கு மிக அருகிலேயே ஆழமாகிவிடுவதால் மார்ச்சிலிருந்து ஓகஸ்ட் வரை நீலத்திமிங்கிலங்கள் இந்தப் பக்கம் வரும். குன்றிலிருந்தே அவை நீர் பீச்சுவதைக் கண்டவர்கள் உண்டு. கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் போகலாம். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம். வாளியால் அள்ளிக் குளிக்க வேண்டும்.

போயா நாள் என்கிறார்களே?

ஒவ்வொரு பௌர்ணமியும் நாடு முழுக்க விடுமுறை. மதுவும் இறைச்சியும் விற்க மாட்டார்கள். பஸ், ரயிலில் கூட்டம் இருக்கும். நாட்காட்டியைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

சுனாமி, போர் பற்றி ஊர்க்காரரிடம் கேட்கலாமா?

நீங்களாகத் தொடங்காதீர்கள். இந்தக் கரையில் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டில் ஒன்றாவது உண்டு, பல வீடுகளில் இரண்டும். 2004 டிசம்பர் 26 காலை நான் உள்ளூரில் இல்லாதபடியால் இருக்கிறேன். என்னோடு படித்த இருவர் இல்லை. கல்லடியில் திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் அன்றைக்குச் சாய்ந்தது. அங்கே போனால் படமெடுப்பதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். தங்கியிருக்கும் வீட்டில் இரண்டு மூன்று நாள் போனால் அவர்களே சொல்வார்கள், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, விளக்கைக் குறைத்துவிட்டு. அப்போது கேட்டுக்கொண்டிருங்கள். ஆறுதல் சொல்ல வேண்டும் என்றில்லை.

காசை எப்படி வைத்துக்கொள்வது?

நகரங்களில் வங்கி இயந்திரம் உண்டு. இந்தியர்கள் தொலைபேசியால் காசு அனுப்பும் யு.பி.ஐ. முறை 2024 பெப்ரவரியிலிருந்து இலங்கையிலும் செல்லும். ஆனால் குச்சவெளியில் இளநீர் வெட்டுகிறவரிடம் கைக்காசுதான். ஐம்பது, நூறு ரூபா தாள்களாகக் கொஞ்சம் வைத்திருங்கள். சாப்பாடும் அறையும் ஊர்க்காரரிடமே வாங்கினால் செலவும் குறையும், அந்தக் காசும் ஊரிலேயே சுற்றும். அறையை முற்பதிவு செய்யும்போது "கடலோரம்" என்ற சொல்லை நம்பாமல், கதவிலிருந்து மணலுக்கு எத்தனை நிமிட நடை என்று கேளுங்கள். என் தோழி ஒருத்தி அப்படி நம்பி எடுத்த அறைக்கும் கடலுக்கும் நடுவில் பெருவீதி ஓடியது.

எத்தனை நாள் வேண்டும்?

ஒரே ஊரில் குறைந்தது நாலு நாள். ஐந்து நாளில் திருகோணமலை, பாசிக்குடா, அறுகம்குடா மூன்றையும் பார்க்கப் போகிறோம் என்று எழுதுகிறவர்களுக்கு நான் வேண்டாம் என்றே பதில் எழுதுவேன், பாதி நாள் வானுக்குள்தான் கழியும். முதல் நாள் காற்றும் சூடும் பழக வேண்டும். இரண்டாம் நாள் தேத்தண்ணிக் கடைக்காரர் உங்கள் முகத்தை நினைவில் வைப்பார். மூன்றாம் நாள் விடிய எழும்பத் தோன்றும்.

நினைவுக்கு என்ன வாங்கிப் போகலாம்?

பனையோலைப் பெட்டி, மட்டக்களப்புக் கைத்தறி, கஜு (முந்திரிப்பருப்பு), கருவாடு. பவளத் துண்டும் ஆமையோட்டுச் சாமானும் யார் விற்றாலும் வாங்காதீர்கள், இரண்டும் சட்டப்படி குற்றம். சங்கும் சிப்பியும் கரையிலேயே கிடக்கட்டும், காலியான ஓட்டுக்குள் குடியேறச் சின்ன நண்டுகள் காத்திருக்கும். கருவாட்டை மூன்று பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, துணிப்பெட்டியில் வைக்காமல் தனியாக எடுத்துப் போங்கள்.